ஷரத்துடன் வாங்கும் வீடு

நம் சங்கக் காரியதரிசி அவர்கள் சென்ற மாதம் கடைக்கு வந்திருந்தபோது, "வீட்டுக்காக நீங்கள் ஐந்து வருடம் அலைந்த கதையை நம் இதழில் எழுதுங்கள். நம்மவர்களில் பலர் அதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்" என்றார். நாம் எழுத்தாளரல்லர். ஊரில் மதரஸாவிலும் ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடத்திலும் படித்ததோடு சரி; அதற்குப் பின் தராசும் பேரேடுமே நமக்குப் பழக்கம். ஆயினும் பட்டறிந்ததைச் சொல்வதற்குப் பெரும் படிப்பு வேண்டுவதில்லை என்ற எண்ணத்தில் இதை எழுதத் துணிந்தோம். பிழை காணும் அன்பர்கள் பொறுத்தருள்க.

சகோதரர்களே! வியாபாரிகளாகிய நமக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு மூட்டை பருப்பை விலை பேசி, பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டால் அந்த மூட்டை நம்முடையது. அதை இன்றே விற்கலாம், நாளை விற்கலாம், மச்சானுக்குச் சும்மாவும் கொடுக்கலாம், விற்றவர் வந்து, "ஏன் விற்றாய், யாருக்கு விற்றாய்?" என்று கேட்கமாட்டார். இந்த மனப்பழக்கத்தோடு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீட்டை வாங்கப் போகிறோம். அங்கேதான் சங்கடம் தொடங்குகிறது. கழகம் புது வீட்டைச் சந்தை விலையைவிடக் குறைத்துத் தருகிறது. தகுதியுள்ளவர்களுக்கு மேற்கொண்டு மானியமும் தருகிறது. குறைத்த தொகைக்கு ஈடாக அது ஷரத்துகளை வைக்கிறது. அந்த ஷரத்துகளும் விலையில் ஒரு பாகமே. ரொக்கத்தில் கொடுக்காத பாகத்தை நாம் ஷரத்தாகக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு நேராகும்.

இது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. கழகம் ஏற்பட்டது 1960 பிப்ரவரியில். மறு வருடம் மே மாதம் புக்கிட் ஹோ ஸ்வீயில் மூண்ட பெருந்தீயில் ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். அடுக்குமாடி வீடுகள் வேகமாக எழும்பின. முதலில் எல்லாம் வாடகை வீடுகளே. 1964-இல்தான் மக்கள் சொந்தமாக வாங்கிக்கொள்ளும் திட்டம் வந்தது. 1968 முதல் மத்திய சேமநிதிப் பணத்தை அதற்குப் பயன்படுத்தலாம் என்றானது. அந்தத் தொடக்க நாளில் வாங்கியவர் வீட்டை வேண்டாமென்றால், வாங்கிய விலைக்கே கழகத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டுமே தவிர, வெளியாருக்கு லாபத்தில் விற்க இயலாது. வெளியில் விற்கலாம் என்ற அனுமதி 1971-இல்தான் வந்தது. அதுவும் சில வருடம் குடியிருந்த பிறகே. ஆகையால் இன்றுள்ள ஷரத்துகளைக் கண்டு "இதென்ன புதுக் கெடுபிடி" என்று சொல்வோர் பழைய கதையை அறியாதவர்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாம் வாங்குவது நிலத்தோடு கூடிய கிரயமன்று. 99 ஆண்டுக் குத்தகை. பழைய வீட்டை மறுவிற்பனையில் வாங்குவோர் மீதி எத்தனை ஆண்டு இருக்கிறதென்று பார்க்க வேண்டும். வாங்குவோரில் இளையவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை நீடித்தால்தான் சேமநிதியை முழு அளவில் பயன்படுத்தலாம் என்ற விதி 2019 மே மாதம் முதல் நடப்பில் உள்ளது.

இனி நம் கதைக்கு வருவோம்.

நாம் 2014-இல் குடியுரிமை பெற்றோம். அதுவரை கடைக்கு அருகே வாடகைக்கே இருந்தோம். வாடகையோ ஆண்டுக்காண்டு ஏறியது. பிள்ளைகள் மூவரும் வளர்ந்தார்கள். நடுத்தர வருமானக்காரருக்குப் புது வீடு கிடைக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். புது வீடு வாங்கும் குடும்பத்தின் மாத வருமான வரம்பு 2019 செப்டம்பரில் 14,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டிருந்தது. நம் வருமானமோ அந்த வரம்பின் வாசலுக்கே வராதது. ஆகவே தடையொன்றும் இராது என்று நினைத்து, அந்த வருடக் கடைசியில் ஓர் இரவு கடையடைத்த பின் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய உட்கார்ந்தோம். நமக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. பன்னிரண்டு வயது மகன் கணினியைப் பார்த்துத் தமிழில் சொல்லச் சொல்ல, நாம் பதில் சொல்லி வந்தோம். பெயர், வயது, தொழில் எல்லாம் ஆயிற்று. பிறகு அவன், "வாப்பா, வேறு வீடு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருந்தாலும் சொல்ல வேண்டுமாம்" என்றான்.

ராமநாதபுரம் பக்கத்தில் நம் ஊரில் வாப்பா கட்டிய வீடு ஒன்று உண்டு. மௌத்தாவதற்கு இரண்டு வருடம் முன்னதாகவே அதை அவர்கள் நம் பெயருக்கு எழுதி வைத்துவிட்டார்கள். உம்மாவும், கணவரை இழந்த நம் ராத்தாவும் அதில் இருக்கிறார்கள். அதிலிருந்து நமக்கு ஒரு காசு வருமானமில்லை; வருடத்திற்கொரு முறை சுண்ணாம்படிக்க நாமே பணம் அனுப்புகிறோம். அதைப் போய் ஒரு சொத்தென்று சொல்வதா என்று தோன்றியது. மறுநாள் கடைக்கு வந்த பழகிய மனிதர் ஒருவரிடம் கேட்டோம். "ஊரில் இருக்கிற வீடு இங்குள்ளவர்களுக்கு எப்படித் தெரியப் போகிறது? இல்லையென்று போடுங்கள், எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள்" என்றார் அவர். இரண்டு நாள் அந்த விண்ணப்பத்தை அனுப்பாமலே வைத்திருந்தோம். பதிலை எழுதப் போவது நம் மகனுடைய விரல். அவனுக்கு அந்த வீட்டைத் தெரியும், பள்ளி விடுமுறையில் அதன் முற்றத்தில் விளையாடியவன். மூன்றாம் நாள் "ஆம்" என்றே போடச் சொன்னோம்.

அதோடு விண்ணப்பம் நின்றது. புது வீடு வாங்குவோரும், அதில் குடியிருப்போராகப் பெயர் கொடுப்போரும், உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ வேறு தனியார் வீடு வைத்திருக்கக் கூடாது. விண்ணப்பிக்குமுன் 30 மாதத்திற்குள் அப்படியொரு வீட்டைக் கைமாற்றியிருக்கவும் கூடாது என்பது விதி. விலைக்கு வாங்கியதா, வாரிசாக வந்ததா, அன்பளிப்பாகக் கிடைத்ததா என்ற வித்தியாசமில்லை. நம்மவர்களில் பலர் இதை அறியார். "அது பாட்டன் சொத்து, எனக்கு ஒரு பங்குதானே" என்பார்கள். பங்கும் சொத்துதான். "வெறும் மனையாயிற்றே" என்பார்கள். அதையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பதில் போட வேண்டும். பொய் சொல்லி வீடு வாங்கியது பிறகு வெளிப்பட்டால், கழகம் வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள அதிகாரமுண்டு. அபராதமும் சிறையும்கூட உண்டு. ஊர் வீட்டு வரிச் சீட்டு யார் கைக்கு எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? பங்காளிச் சண்டை ஒன்று போதும்.

இப்போது நமக்கு முன்னே இருந்தது ஒரே கேள்வி. வாப்பா கட்டிய வீடா, பிள்ளைகளுக்கு ஒரு வீடா? விற்பதற்கு மனம் வரவில்லை. விற்றால் உம்மா எங்கே போவார்கள்? முடிவில் ஊருக்குப் போய், சார்பதிவாளர் அலுவலகத்தில் ராத்தா பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தோம். ராத்தா வேண்டாமென்று அழுதார்கள். "நாளைக்கு ஊரார் நான் தம்பியை ஏமாற்றி எழுதி வாங்கினேன் என்பார்கள்" என்பது அவர்கள் பயம். ஊரார் அப்படிப் பேசவும் பேசினார்கள். கையெழுத்துப் போட்டு வெளியே வந்தபோது நாம் பட்ட துக்கத்தைச் சொல்ல வார்த்தையில்லை; அது இந்தக் கட்டுரைக்குத் தேவையுமில்லை. தேவையானது இதுதான்: அந்தப் பத்திரத் தேதியிலிருந்து 30 மாதம் எண்ண வேண்டியதாயிற்று. நாம் குடியுரிமை பெற்ற வருடமே இதை விசாரித்து எழுதிக் கொடுத்திருந்தால், 2019-இல் நம் விண்ணப்பம் நிற்காமல் போயிருக்கும். இந்த இடைக்காலத்தில் மறுவிற்பனை வீடுகளின் விலை எப்படி ஏறியதென்பதை எல்லாரும் அறிவோம்.

2022-இல் 30 மாதமும் கழிந்தது. மறுபடி போனோம். இம்முறை தடுக்கியது நம் பேரேடு.

சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டும் சேமநிதிக் கணக்கும் சாட்சி. வியாபாரிக்கு உள்நாட்டு வருவாய் ஆணையம் அனுப்பும் வரி மதிப்பீட்டு அறிக்கைதான் சாட்சி. நம் அறிக்கையில் இருந்த வருமானம் மாதத்திற்கு 2,400 வெள்ளிக்குச் சற்று மேல். உண்மையில் நாம் சம்பாதித்தது அதைவிட அதிகம். எப்படி இந்த வித்தியாசம்? வெட்கத்தோடு சொல்கிறோம்: அன்றாட ரொக்க விற்பனையில் வீட்டுச் செலவுக்கென்று கல்லாவிலிருந்து எடுத்தது பேரேட்டில் ஏறாமலே போய்க்கொண்டிருந்தது. மார்க்கெட்டுக்கு ஐம்பது, பிள்ளை டியூஷனுக்கு இருநூறு என்று எடுத்தோம், எழுதவில்லை. வரியை ஏய்க்க வேண்டுமென்று செய்ததன்று. ஆனால் செய்ததன் பலன் அதுவேயாயிற்று.

இதனால் வந்த நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். வீட்டுக் கடனின் மாதத் தவணை மாத வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 2,400 வெள்ளி வருமானத்துக்குத் தவணை 720 வெள்ளி. கழகக் கடனுக்கு வட்டி 2.6 விழுக்காடு, அந்த வட்டியில் 25 வருடம் 720 வெள்ளித் தவணை கட்டினால் சுமார் 158,000 வெள்ளிக் கடன் அடைபடும். வருமானம் 4,000 என்று அறிக்கையில் இருந்தாலோ, தவணை 1,200 வெள்ளி. அடைபடும் கடன் சுமார் 264,000 வெள்ளி. நூறாயிரத்துக்கு மேல் வித்தியாசம்! வரியில் மிச்சமானது எவ்வளவு? ஆண்டுக்கு 48,000 வெள்ளிக்கு, கழிவுகளைப் பார்க்குமுன், வரி 1,110 வெள்ளி. 28,800 வெள்ளிக்கு 176 வெள்ளி. ஆண்டுக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம் மிச்சமாக்கி, நூறாயிரம் வெள்ளிக் கடனை இழந்த வியாபாரி நாம். நம் கடைப் பையன் இப்படி ஒரு கணக்குப் போட்டிருந்தால் அன்றே அவனை வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

இன்னொரு விஷயமும் உண்டு. 25 வருடத் தவணை எல்லாருக்கும் கிடைக்காது. கடன், வாங்குவோருக்கு 65 வயதாகுமுன் அடைபட வேண்டும். நாற்பத்தைந்தில் கடன் கேட்பவருக்கு 20 வருடமே. அதே 1,200 வெள்ளித் தவணையில் அடைபடும் கடன் சுமார் 224,000 வெள்ளியாகக் குறையும். வயது ஏற ஏறக் கடன் இறங்கும். (கடன், வட்டி என்று எழுதுகிறபோது மார்க்கத்தின் கேள்வி ஒன்று எழுமே என்பீர்கள். அது ஆலிம்களிடம் கேட்டுத் தெளிய வேண்டியது. நமக்கு அந்தத் தகுதியில்லை.)

பிறகு நாம் ஒரு நல்ல கணக்கரைப் பிடித்துப் பழைய கணக்குகளைத் திருத்தினோம். தவறைத் தாமாக முன்வந்து தெரிவிப்போருக்கு அபராதத்தைக் குறைக்கும் திட்டம் வருவாய் ஆணையத்தில் இருக்கிறது. அதன் வழியாகச் சொல்லி, பாக்கி வரியையும் அபராதத்தையும் கட்டினோம். கல்லாவில் எடுக்கும் ஒவ்வொரு வெள்ளியையும் எழுத ஒரு சிறு கொப்பி வைத்தோம். அது இன்றும் தராசுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

முன்பணத்தைப் பற்றியும் வியாபாரிகள் தனியே யோசிக்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 20 முதல் கழகக் கடன் வீட்டு விலையில் 75 விழுக்காட்டுக்கு மேற்படாது. அதற்கு முன் 80 விழுக்காடாக இருந்தது. 360,000 வெள்ளி வீட்டுக்கு 90,000 வெள்ளியை நாம்தான் கொண்டுவர வேண்டும். அத்துடன் முத்திரைத் தீர்வை 5,400 வெள்ளி. சம்பளக்காரருக்கு இந்தப் பணம் சேமநிதிச் சாதாரணக் கணக்கில் சேர்ந்து கிடக்கும். சொந்தத் தொழில் செய்வோருக்குக் கட்டாயம் உள்ளது மெடிசேவ் மட்டுமே. சாதாரணக் கணக்கில் நாமாகப் போட்டால்தான் உண்டு. முதல் முறை வாங்கும் குடும்பத்துக்கு உதவும் மேம்படுத்தப்பட்ட சேமநிதி வீட்டு மானியம் 2024 ஆகஸ்டில் 120,000 வெள்ளி வரை உயர்ந்தது. குறைந்த வருமானக் குடும்பத்துக்கு அதிகமாகவும், மாதம் 9,000 வெள்ளியை நெருங்க நெருங்கக் குறைவாகவும் கிடைக்கும். அதற்கும் ஒரு ஷரத்து: வாங்குவோரில் ஒருவராவது அதற்கு முந்தைய 12 மாதமும் தொடர்ந்து வேலையோ தொழிலோ செய்திருக்க வேண்டும். கடையைச் சில மாதம் மூடிவிட்டு ஊருக்குப் போய் வரும் வழக்கமுள்ளவர்கள் கவனிக்க. மனைவி குடியுரிமை பெறாமல் நிரந்தரவாசியாக இருந்தால் புது வீட்டுக்கு 10,000 வெள்ளி கூடுதலாகக் கட்ட வேண்டும்; பிற்பாடு குடியுரிமை கிடைத்தால் அதைத் திரும்பப் பெற வழியுண்டு.

இவையெல்லாவற்றையும் கழகம் சரிபார்த்துத் தரும் தகுதிக் கடிதம் 2023 மே மாதம் முதல் வந்திருக்கிறது. வீட்டைப் பார்க்குமுன் கடிதத்தை வாங்குங்கள். வருமான வரம்பும் மானியத் தொகையும் அரசாங்கம் அவ்வப்போது மாற்றக் கூடியவை. நாம் எழுதியதை நம்பிக் கையெழுத்திடாமல், அன்றைய விதியை அன்றே கேட்டுக்கொள்க.

சாவி கைக்கு வந்த பிறகு உள்ள ஷரத்துகள் வேறு. அவற்றை நாம் இன்னும் அனுபவிக்கவில்லை. ஆனால் அனுபவித்தவர்களைக் கண்டிருக்கிறோம்.

சாதாரணமாக முதல் ஐந்து வருடம் அந்த வீட்டில் நாமே குடியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் வீட்டை விற்கக் கூடாது. முழு வீட்டையும் வாடகைக்கு விடக் கூடாது. இங்கோ ஊரிலோ வேறு தனியார் வீடு வாங்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதைக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வீடு கிடைத்த சந்தோஷத்தில், மறு வருடமே ஊரில் மாடி வீடு கட்டக் கிளம்பும் நம்மவர்கள் எத்தனை பேர்! ஐந்து வருடம் என்பது நாட்காட்டியில் ஐந்து வருடமன்று. நாம் குடியிராத காலம் கணக்கில் சேராது. நம் நண்பர் ஒருவர் மனைவி மக்களைப் பிள்ளைகள் படிப்புக்கென்று ஊருக்கு அனுப்பிவிட்டு, தாம் கடையிலேயே படுத்துக்கொண்டு, வீட்டில் ஓர் அறையைப் பூட்டி வைத்து மற்ற அறைகளை வாடகைக்கு விட்டார். "ஓர் அறை என்னுடையது, ஆகவே முழு வீட்டையும் விடவில்லை" என்பது அவர் வாதம். அதிகாரிகள் வந்து பார்த்தபோது அந்த அறையில் அவருடைய சட்டை ஒன்றுகூட இல்லை. அவர் பட்ட பாடு பெரிது. வீட்டைச் சரக்குக் கிட்டங்கியாக்குவதும் இதே வகைத் தவறு. வீட்டிலிருந்தபடி சிறு தொழில் செய்ய அனுமதியுண்டு. பிஸ்கட் பெட்டிகளைக் கூரை வரை அடுக்க அனுமதியில்லை.

நகரின் நடுவிலும் நல்ல இடங்களிலும் உள்ள புது வீடுகளுக்கு இதைவிட இறுக்கமான ஷரத்துகள் வந்துள்ளன. 2021 நவம்பரில், நம்மவர்கள் கடைகள் நிறைந்த தேக்காவுக்கு எட்டும் தூரத்தில், ரோச்சோரில் முதன்முதலாக இவ்வகை வீடுகள் விற்பனைக்கு வந்தன. கடைக்கு நடந்தே போகலாமே என்று நம்மவர்களுக்கும் ஆசை வந்தது, நியாயம்தான். ஆனால் அங்கே குடியிருக்க வேண்டிய காலம் பத்து வருடம். முழு வீட்டை எக்காலத்திலும் வாடகைக்கு விட இயலாது. முதன்முதல் விற்கும்போது, விற்கும் விலை, மதிப்பீடு இரண்டில் எது கூடுதலோ அதில் 6 விழுக்காட்டைக் கழகத்துக்குத் திருப்பிக் கட்ட வேண்டும்; 700,000 வெள்ளிக்கு விற்றால் 42,000 வெள்ளி. நம்மிடம் வாங்குபவரும் வருமான வரம்புக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். ஆகவே பெரும் பணக்காரர் வந்து அள்ளிக் கொடுப்பார் என்று காத்திருப்பதில் பயனில்லை. 2024 அக்டோபர் முதல் புது வீடுகளை ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பிந்திய இரண்டுக்கும் பத்து வருடமே. திருப்பிக் கட்டும் விகிதம் இடத்துக்கு இடம் வேறுபடும். குடியிருக்க வாங்குபவருக்கு இவற்றால் பெரிய கஷ்டமில்லை என்பது நம் அபிப்பிராயம். விற்று லாபம் பார்க்க வாங்குபவர்தான் மனமுடைவார்.

அடுத்தது நம் சமூகத்தைத் தொடும் விஷயம். 1989 மார்ச் முதல் நடப்பிலுள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி, ஒவ்வொரு புளோக்கிலும் வட்டாரத்திலும் ஒவ்வோர் இனத்தாருக்கும் உச்ச அளவு உண்டு. இந்தியர், மற்றவர் என்ற பிரிவுக்கு 2010 முதல் வட்டாரத்தில் 12, புளோக்கில் 15 விழுக்காடு. அடையாள அட்டையில் உள்ள இனமே கணக்கு. தமிழ் முஸ்லிம்களாகிய நம்மில் பெரும்பாலோர் இந்தியர் பிரிவில் வருவோம். கணவன் மனைவி வேறு வேறு இனமாக இருந்தால் இருவரில் ஒருவர் இனத்தைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் வாங்கும்போது கொடுத்த இனமே விற்கும்போதும் நிற்கும். ஆகவே யோசித்துக் கொடுக்க வேண்டும்.

வாங்கும்போது இது பெரிதாகத் தெரிவதில்லை. விற்கும்போதுதான் தெரியும். நம் மைத்துனர் தம் வீட்டை விற்க முனைந்தபோது அந்தப் புளோக்கில் சீனருக்குரிய அளவு நிறைந்திருந்தது. சீனர் ஒருவர் சீனருக்கு விற்கலாம்; நம் மைத்துனர் விற்க முடியாது. வாங்க வருவோரில் பெரும்பகுதி அதோடு கழிந்தது. எட்டு மாதம் காத்திருந்து, அடுத்த வாசல்காரர் விற்றதைவிடக் குறைத்தே விற்றார். வீடு அதே அளவு, மாடியும் ஒன்றே. கலந்து வாழ வேண்டும் என்ற நோக்கத்தை நாம் குறை சொல்லவில்லை; நம் பிள்ளைகள் எல்லா இனத்தாரோடும் ஓடி விளையாடுவது அதன் நன்மையே. ஆனால் அந்த நன்மைக்கு ஆகும் செலவில் சிறுபான்மையினர் கைப்பணம் கொஞ்சம் கூடுதலாகப் போகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீண்ட நாள் முயன்றும் இதனால் விற்க முடியாதவர்களிடம், தக்க காரணம் கண்டால் கழகமே வீட்டை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022-இல் அறிவிக்கப்பட்டது. மறுவிற்பனையில் வாங்குவோர், அந்தப் புளோக்கின் அளவு எப்படி இருக்கிறதென்று கழகத்தின் இணையப் பக்கத்தில் பார்க்கலாம். மாதந்தோறும் முதல் தேதி புதுப்பிக்கிறார்கள்.

விற்ற பணம் முழுவதும் கைக்கு வரும் என்றும் எண்ண வேண்டாம். கடன் பாக்கி போக, சேமநிதியிலிருந்து எடுத்த தொகையையும், அது அங்கேயே இருந்திருந்தால் சேர்ந்திருக்கும் வட்டியையும் திரும்ப நம் சேமநிதிக்கே கட்ட வேண்டும். மானியமும் இதில் சேர்ந்தது. பணம் நம்முடையதே, ஆனால் அடுத்த கடை பிடிக்க உதவாது. இரண்டாம் முறை கழகத்திடம் புது வீடு வாங்கினால் தீர்வை வேறு: முன்பு வாங்கியது நான்கறை வீடானால் 40,000, ஐந்தறையானால் 45,000 வெள்ளி.

வாரிசு விஷயத்தில் ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் மௌத்தானால் ஷரியா நீதிமன்றத்தில் வாரிசுச் சான்றிதழ் பெற்றுப் பாகம் பிரிக்கிறோம். ஆனால் ஊரிலிருக்கும் சகோதரருக்குப் பாகம் உண்டென்பதால் அவர் இந்த வீட்டுக்கு உடையவராகிவிட முடியாது. கழகத்தின் தகுதி விதிகள் அங்கேயும் நிற்கும். தகுதியுள்ள வாரிசு எடுத்துக்கொள்ளாவிட்டால் வீட்டை விற்றுப் பணத்தைத்தான் பங்கிட வேண்டியிருக்கும். கணவன் மனைவி இருவர் பெயரில் வாங்கும்போது கூட்டுடைமையா, பங்குடைமையா என்று கேட்பார்கள். கூட்டுடைமையில் ஒருவர் மறைந்தால் மற்றவருக்கு வீடு போய்ச் சேரும் என்பது நாட்டுச் சட்டம்; இதுபற்றி இஸ்லாமிய சமய மன்றம் ஃபத்வா வழங்கியிருக்கிறது. கையெழுத்திடுமுன் மன்றத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டால், பிற்பாடு பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரிய நேராது. நாம் கேட்டோம், கூட்டுடைமையே போட்டோம்.

2024 கடைசியில் நமக்குக் குலுக்கலில் எண் கிடைத்தது. நான்கறை வீடு, ஸ்டாண்டர்ட் வகை. கடைக்கு வெகு தூரம், இரண்டு ரயில் மாற வேண்டும். கட்டி முடியச் சில வருடமாகும். அன்று விண்ணப்பத்தை வாசித்த மகன் இப்போது நம்மைவிட உயரம். வீடு வரும்போது தேசிய சேவையில் இருப்பான், தனக்கு அறை தேவைப்படாது என்கிறான். உம்மாவிடம் தொலைபேசியில் சொன்னோம். எத்தனையாவது மாடி என்று கேட்டார்கள். பதினொன்று என்றதும், "அங்கே நான் எப்படி ஏறி வருவேன்?" என்றார்கள். மின்தூக்கி உண்டு என்று சொல்லியும் நம்பவில்லை.

விண்ணப்பம், தகுதிக் கடிதம், வரி அறிக்கை இவற்றில் சந்தேகமுள்ள சகோதரர்கள் தாள்களை எடுத்துக்கொண்டு நம் கடைக்கு வரலாம். பகல் இரண்டு மணிக்கு மேல் நான்கு வரை கூட்டமிராது. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்.